ஆலிவ் சொன்னதும் எழுதிவைத்ததும்



செயின்ட் லூயிஸில் நாம் வீடு வாங்கி நிலைத்துவிட்டோம். நமக்கு முன் இந்தப் பக்கம் குடியேறிய ஒரு குடும்பத்தைப் பற்றி இன்று பேச ஆசைப்படுகிறேன். டேனியல் பூன் என்ற பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 1820இல் அவர் கண்மூடிய கல் வீடு டிஃபையன்ஸ் ஊரருகே இருக்கிறது. காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கையில் துப்பாக்கியோடு காட்டில் தனியே நிற்பவராகவே அவரை வரைகிறார்கள். அந்தப் படத்தில் அவர் வீட்டார் இல்லை.

அப்பா ஸ்கொயர் பூன், இங்கிலாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்த நெசவாளி. குவேக்கர் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர். பிள்ளைகள் இருவர் சபைக்கு வெளியே மணம் முடித்தார்கள். அதனால் வந்த பூசலில் சபை அவரையே ஒதுக்கிவைத்தது. கல்யாணத்தால் ஊரோடு உறவு முறிந்த குடும்பங்கள் நமக்குப் புதிதல்லவே! 1750 வாக்கில் குடும்பம் வட கரோலினாவுக்குப் பெயர்ந்தது. அங்கேதான் 1756இல் டேனியல் ரெபெக்காவைக் கைப்பிடித்தார். பத்துப் பிள்ளைகள்.

இந்த ரெபெக்காவை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. 1773இல் கென்டக்கிக்குப் புறப்பட்ட வழியில் மூத்த மகன் ஜேம்ஸ் கொல்லப்பட்டான், வயது 16. உடலைச் சுற்றிப் புதைக்க வீட்டு விரிப்புகளை எடுத்துக் கொடுத்தனுப்பினாள் தாய் என்று அந்தக் குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். 1778இல் உப்புக் காய்ச்சப் போன கணவரை ஷானிப் பழங்குடியினர் சிறைபிடித்தார்கள். செத்துவிட்டார் என்றே நம்பிப் பிள்ளைகளோடு கரோலினாவுக்குத் திரும்பிவிட்டாள். அவர் தப்பி ஓடிவந்தபோது கென்டக்கியில் அவர்கள் குடியிருந்த கோட்டையில் காத்திருந்தது மணமாகிவிட்ட மகள் ஜெமைமா மட்டும்தான். 1782 ஆகஸ்டில் புளூ லிக்ஸ் சண்டை. டேனியல் அப்போது ஊர்க்காவல் படையில் லெப்டினன்ட் கர்னல். எதிரி பதுங்கியிருக்கிறான், அவசரப்படாதீர்கள் என்று எச்சரித்தார், கேட்பாரில்லை. சில நிமிடங்களில் எழுபது பேருக்கு மேல் மடிந்தார்கள். அவர்களில் ஒருவன் மகன் இஸ்ரேல். கடைக்குட்டி நேத்தனுக்கு அப்போது ஒன்றரை வயது.

இவ்வளவு பறிகொடுத்த மண்ணாவது கைக்கு நின்றதா? ஒரே நிலத்துக்கு நாலு பேர் உரிமை கொண்டாடிய காலம் அது. அளவையிலும் பதிவிலும் ஓட்டை இருந்ததால் வழக்குமேல் வழக்குத் தோற்று, 1799இல் ஸ்பெயின் ஆட்சியிலிருந்த மிசௌரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஆண்டுதான் 18 வயது நேத்தன், 16 வயது ஆலிவை மணந்தான். நேத்தனின் பெற்றோரைத் தேடிக் கிளம்பிய புதுத் தம்பதி மிசௌரி ஆற்றைச் சிறு படகில் கடந்தார்கள். அவன் துடுப்புப் போட, இவள் படகைத் திசை பார்த்துச் செலுத்திக்கொண்டே, பின்னால் நீந்திவந்த குதிரைகளின் கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டாள். இது நமக்கு எப்படித் தெரியும்? ஆலிவே சொன்னாள். 1851இல் லைமன் டிரேப்பர் என்ற ஆய்வாளர் தேடிப்போய், முதியவர்களாகிவிட்ட நேத்தனிடமும் ஆலிவிடமும் நாள்கணக்கில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ஐந்தே ஆண்டுகளில் நேத்தன் இறந்துவிட்டார். அந்தக் குறிப்புகள் இன்றும் விஸ்கான்சினில் பத்திரமாக இருக்கின்றன.

இன்னும் இருவரைச் சொல்லாமல் இறங்க மனமில்லை. சிறைபிடித்த டேனியலைத் தன் மகனாகவே தத்தெடுத்தவர் ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ். மறு ஆண்டு கென்டக்கிப் படை அவர் ஊரைத் தாக்கியபோது பட்ட காயத்திலேயே மாண்டார். மிசௌரிக் காடுகளில் டேனியலோடு வேட்டைக்குப் போன டெரி கோபர்ன், அடிமையாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினத்தவர். இவர்கள் வீட்டுப் பெண்களிடம் யாரும் நாள்கணக்கில் உட்கார்ந்து கதை கேட்டதாக நான் அறியவில்லை. பூன் வீட்டுக் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இருவரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நம் சங்க விழாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு மலரில், இங்கே முதலில் வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குங்கள். வந்தவரின் வேலையையும் பட்டத்தையும் எழுதுவதோடு நிறுத்திவிடாமல், அவரோடு வந்த அம்மாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து கேளுங்கள். எழுதிக்கொள்ளும் வேலைக்கு நான் வருகிறேன்.