எந்த மாடியில் யார் தனியாக?

(நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கணக்கு எழுதியவன் நான். மேடைப் பேச்சு வராது. ஆனால் என் சொந்தக் கணக்கில் ஒன்று இன்னும் டேலி ஆகாமல் நிற்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மாவட்டம் முழுக்க மின்கம்பங்களும் மரங்களும் சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் வாசலில் அயனி மரம் விழுந்து கிடந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, லிஃப்ட் இல்லை, போனும் இல்லை. நான் என் வீட்டுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன்.

என் தலைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஓர் ஆச்சி தனியாக இருந்தார். மகன் வளைகுடாவில். படி இறங்க முடியாமல், இருந்த தண்ணீரை மிச்சம் பிடித்துக் குடித்து, மாத்திரையும் தீர்ந்து, மயங்கிக் கிடந்தார். மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டார்: "ஒருத்தரும் கதவைத் தட்டல்லியே மக்கா?"

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். பார்க்கும்தான். ஆனால் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தளம் அரக்கோணத்தில், 600 கிலோமீட்டருக்கு அப்பால். ரோட்டில் மரம் கிடந்தால் தீயணைப்பு வண்டிக்கும் நேரமாகும். 2023 டிசம்பர் 17 இரவு ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. மீட்புக் குழு வரும்வரை சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். முதல் உதவி எப்போதும் பக்கத்தில் இருப்பவர் கையில்தான்.

நான் கேட்பது நான்கு காரியம்.

ஒன்று, மாடிக்கு இரண்டு தன்னார்வலர்கள். எச்சரிக்கை வந்த அன்றும் மறுநாளும் தங்கள் மாடியில் எல்லாக் கதவையும் தட்ட வேண்டும்.

இரண்டு, யார் தனியாக இருக்கிறார், யாருக்கு என்ன மருந்து, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பதிவேடு. வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். செயலாளரிடமும் அந்தந்த மாடித் தன்னார்வலரிடமும் காகிதத்தில் மட்டும் இருக்கட்டும்.

மூன்று, சாவி. வங்கியில் கையெழுத்து இல்லாமல் சாவி கைமாறாது. ஒரே ஆளை நம்பியும் பெட்டகம் இருக்காது. நம் மோட்டார் ரூம், மொட்டை மாடி, மெயின் சுவிட்ச் மூன்றுக்கும் சாவி வாட்ச்மேன் ஒருவரிடம்தான். இன்னொரு செட் வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கேட்டு ஒரு ஒத்திகையும் வேண்டும்.

நான்கு, நம் வாட்ச்மேனும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் இருப்பது தாழ்ந்த இடத்தில். மாடியில் இருக்கும் நமக்கு வெள்ளம் வேடிக்கை. அவர்களுக்கு அடுப்படிக்குள் தண்ணீர். அன்றைக்கு நம் ஹாலைத் திறந்து, ஒரு பானை கஞ்சி வைப்போம்.

எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101.

நமக்கு இரண்டு மழைக்காலம். காத்திருக்க நேரமில்லை. பதிவேடு ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. இரண்டாம் மாடிக்கு என் பெயரை எழுதிவிட்டேன். அடுத்த வரி காலியாக இருக்கிறது.