ஒட்டுப்பால் சொல்லும் பாடம்



வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலையும், மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் நாம் வீசுவதில்லை. எடைக்குக் காசு என்று அறிவோம். நிர்வாகங்களும் அறியும்: ஒரு காலத்தில் மறுநடவின்போது தீக்கிரையான ரப்பர் மரம், 1980-ஆம் ஆண்டுகளிலிருந்து மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது.

வீட்டில் மட்டும் நாம் வீசலாமா? காய்கறித் தோலைக் குழியில் மூடினால் முருங்கைக்கு உரம். அரிசி களைந்த நீர் கீரைக்குப் போகட்டும். குப்பையைப் பிரித்து வைப்பது 2015 முதல் மலேசியாவின் பல மாநிலங்களில் சட்டம். லயத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக்கை எரித்தால், அந்தப் புகையைக் குடிப்பவர்கள் நம் பிள்ளைகளே.

ஒன்று சொல்வோம்: சிக்கனம் நம் கடமை, அதைக் காட்டிக் கூலியைக் குறைக்க இடம் கொடோம். எரிக்காமல் விற்ற மரத்தின் லாபத்திலிருந்து, மழைநீர் பிடிக்க லயந்தோறும் மூடியிட்ட தொட்டி கேட்போம்!