எறும்பு ஊரக் கல்லும் தேயும்



பிரேசில் கால்பந்துக்குப் பேர்போன நாடு. ஆனால் அங்கே பெண்கள் கால்பந்து ஆட 1941-இல் தடை வந்தது. பெண்ணின் இயல்புக்கு அது ஒவ்வாது என்றார்கள். 1979 வரை அந்தத் தடை இருந்தது.

தடை இருந்த காலத்தில், 1978-இல், சால்வடார் நகரில் பிறந்தவர் போர்மிகா. இது பட்டப்பெயர். அந்த ஊர் மொழியில் எறும்பு என்று பொருள்.

பிறகு சட்டம் மாறியது. வீடு மாறவில்லை. கூடப் பிறந்த சகோதரர்களே அவரைத் தடுத்தார்கள். தாய் துணை நின்றார்.

போர்மிகா நடுக்களத்தில் ஆடினார். எதிரணியிடம் பந்தைப் பறிப்பார். முன்னால் நிற்பவருக்குக் கொடுப்பார். கோல் போட்டவருக்குக் கைதட்டல் கிடைக்கும். இவர் எறும்புபோல ஓடிக்கொண்டே இருப்பார்.

1995-இல், 17 வயதில், முதல் உலகக் கோப்பையில் ஆடினார். 2019-க்குள் 7 உலகக் கோப்பைகள்! ஆண்களிலும் இப்படி ஆடியவர் இல்லை. 7 ஒலிம்பிக் போட்டிகளிலும் ஆடினார். 2004, 2008 ஒலிம்பிக்கில் அவருடைய அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது.

2021 நவம்பரில் நாட்டுக்காகக் கடைசியாக ஆடினார். அப்போது வயது 43. எதிரணி எது தெரியுமா? நம் இந்தியா! பிரேசில் 6 கோல் போட்டது. நாம் ஒன்று போட்டோம். போட்டவர் பஞ்சாப் பெண் மனிஷா கல்யாண். அவருக்கு வயது 19.

மனிஷாவைப் போன்ற பெண்கள் நம் ஊரிலும் இருப்பார்கள். நாளை உங்கள் மகள் பந்தை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? யோசியுங்கள். வீட்டில் பேசுங்கள்.