மூன்று கேனும் ஒரு பையும்

திருச்சி கே.கே. நகர்ப் பெரியவர்களுக்கு 1977 நவம்பர் வெள்ளம் இன்னும் நினைவிருக்கும். 2005-லும் கோரையாறு பெருகி, நகரின் பல பகுதிகளில் தண்ணீர் புகுந்தது.

ஆனால் வீட்டைச் சுற்றி வெள்ளமும் குழாயில் வறட்சியும் ஒன்றாகவே வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபின், டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. மொட்டைமாடித் தொட்டியும் காலி.

எனவே முதலில் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று வேண்டும். சாப்பாட்டுக்கு அடுப்பு கேட்காத அவல், பொட்டுக்கடலை, கடலைமிட்டாய். (மிட்டாயைக் குழந்தைகள் கண்ணில் படாமல் வைப்பது தனிச் சாமர்த்தியம்!)

வெள்ளத்தோடு வயிற்றுப்போக்கும் வரும். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம்.

பையில் டார்ச், தாத்தாவின் பிரஷர் மாத்திரை, சில்லறை நோட்டுகள், பாலித்தீன் உறையில் ரேஷன் கார்டு, ஆதார், பத்திர நகல்.

மாவட்ட அவசர உதவி எண் 1077. செல்போன் சார்ஜ் தீர்ந்துவிடும். தாளில் எழுதிப் பையிலேயே போட்டு வையுங்கள்.