இனாம் ரம்பமும் புகழ் வார்த்தையும்

(மரம் வெட்டும் தொழிலாளர்களும், போச்சம்பள்ளி, ஓசூர் ஆலைகளுக்குப் போய்வரும் தோழர்களும் மத்தூரில் கூடியிருந்தபோது நாம் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப் போவது ஒரு ரம்பத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். கூலி உயர்வு, வேலை நேரம், நிலம் என்று எத்தனையோ இருக்க, ரம்பத்தைப் பற்றி ஒரு கூட்டமா என்று பின் வரிசையில் ஒரு தோழர் கேட்பது காதில் விழுகிறது. பொறுத்துக் கேளுங்கள். கூலியும் இதற்குள் வரும், கையும் இதற்குள் வரும்.

இந்த வட்டாரத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, சாலையோரப் புளி, ஏரிக்கரை வேலிக்காத்தான். 2025 கோடையில் பெங்களூரா மாங்காய் விலை சரிந்தபோது, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று நொந்துபோன சிறு விவசாயி பழைய மரத்தைச் சாய்த்துவிடலாமா என்று பேசியதை நாமே கேட்டோம். மரம் விழுந்தால் அதை அறுக்க ஆள் வேண்டும். முன்பெல்லாம் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இழுக்கும் ரம்பம், ஒரு கோடாலி, இவ்வளவுதான். இன்றைக்கு ஊருக்கு நாலு பேர் கையில் பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பம் இருக்கிறது. வெறுமனே "மிஷின்" என்றாலே அதுதான்.

அந்த மிஷினை நாம் வெறுக்கவில்லை. நாலு பேர் ஒரு நாள் செய்த வேலையை ஒருவர் ஒரு காலையில் முடிக்கிறார். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் ரம்பத்தைச் செய்தபோது அதைத் தூக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டது. இன்று அதில் ஓடுகிற சங்கிலியின் பல் வடிவத்தைக் கண்டவர் அமெரிக்காவில் ஆரிகன் பகுதியைச் சேர்ந்த ஜோ காக்ஸ். அவரும் நம்மைப் போல மரம் வெட்டியவர்தான். 1946-இல் விறகு பிளக்கும்போது, மரத்துக்குள் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்து வழி உண்டாக்குவதைப் பார்த்தார். அதே மாதிரி பல்லை இரும்பில் செய்தார். உழைப்பாளியின் கண் எவ்வளவு கூர்மையானது பாருங்கள்!

ஆனால் இந்த மிஷின் கருணை காட்டாத மிஷின். ரம்பத்தின் நுனி இருக்கிறதே, அதன் மேல் பாதி ஏதாவது ஒரு கிளையில் பட்டால் போதும், மொத்த மிஷினும் ஓட்டுகிறவர் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. நம் ஆட்கள் இதை "மிஷின் உதைக்குது" என்பார்கள். இதைத் தடுக்கத்தான் முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு வைத்து, அது முன்னே சாய்ந்தவுடன் சங்கிலி நிற்கும்படி பிரேக் அமைத்தார்கள். நல்ல கம்பெனி மிஷின்களில் 1970-களின் தொடக்கத்திலேயே அது வந்துவிட்டது. மலிவு மிஷினிலும் தடுப்பு இருக்கும். பிரேக் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

நமக்குத் தெரிந்த ஒரு தோழர் இருக்கிறார். பெயர் வேண்டாம். நாலு ஊர் தள்ளி இருக்கிறார். இருபது வருஷம் கோடாலி பிடித்த கை. மகன் கைப்பேசியில் யூடியூப் போட்டுக் காட்டினான். அதில் ஒருவர் புது மிஷினைப் பெட்டியிலிருந்து எடுக்கிறார், தட்டிப் பார்க்கிறார், ஒரு தென்னந்தோப்புக்குப் போகிறார், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரு மரத்தை அறுக்கிறார். "58 சி.சி., 22 அங்குலம், இந்த விலைக்கு இதைவிட வேறு இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார். தோழர் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார். மனைவி பெயரில் குழுக் கடன் எடுத்து வாங்கினார். மூன்றாம் மாதம் ஒரு சாய்ந்த புளியை அறுக்கும்போது மிஷின் உதைத்தது. தடுப்பு முன்னே சாய்ந்தது, சங்கிலி நிற்கவில்லை. இடது முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிய வெட்டு. கை தப்பியது. நாலு மாதம் வேலை இல்லை. கடன் தவணை மட்டும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வாசலுக்கு வந்தது.

பிறகு நம் ஆலைத் தோழர் ஒருவர், பிட்டர் வேலை தெரிந்தவர், அந்த மிஷினைப் பிரித்துப் பார்த்தார். பிரேக் பட்டை சங்கிலிச் சக்கரத்தைக் கவ்வுகிற அளவுக்கு இறுகவே இல்லை. பத்து நிமிஷம் பார்த்தால் தெரிந்திருக்கும் குறை. அந்தக் காணொளிக்காரருக்கு இது ஏன் தெரியவில்லை?

அந்த ஆலைத் தோழர் விடவில்லை. அவருக்கே எழுதிக் கேட்டார். பதில் வந்தது. ஒளிக்காமல் எழுதியிருந்தார், அதை நாம் மதிக்கிறோம். மிஷின் விற்கிறவர்கள் அனுப்பியதாம். காசு வாங்கவில்லையாம். "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மனதில் பட்டதைச் சொல்லுங்கள்" என்றார்களாம். மொத்தம் இருபது நிமிஷம்தான் ஓட்டிப் பார்த்தாராம். கடைசியில் ஒரு வரி: "குறை சொன்னால் அடுத்த மிஷின் வராது, அண்ணா."

தோழர்களே, அந்த ஒரு வரிக்குள் எல்லாம் இருக்கிறது!

யாரும் அவரைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஒப்பந்தம் எழுதவில்லை. ஒரு மிஷினைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். அக்கம்பக்கத்தில் ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். அது நல்ல குணம், அதை விட வேண்டாம். ஆனால் விற்கிறவனும் அந்தக் குணத்தைத் தெரிந்து வைத்திருக்கிறான். கிண்ணத்துக்குப் பதிலாக மிஷினை அனுப்புகிறான். திரும்பி வர வேண்டியது குழம்பு அல்ல, புகழ் வார்த்தை. அந்த வார்த்தையின் விலையைக் கொடுத்தவனும் கட்டவில்லை, வாங்கியவனும் கட்டவில்லை. நாலு ஊர் தள்ளி இருக்கிற ஒரு மரம் வெட்டி கட்டினார்.

ஆலைத் தோழர்களுக்கு இது புதிதா? ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டலம் இனிப்பும் ஒரு சில்வர் பாத்திரமும் கொடுத்துவிட்டு, வருஷம் முழுவதும் "உங்களுக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்கிற நிர்வாகத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு காலத்தில் போனஸையும் இனாம் என்றுதான் சொன்னார்கள். முதலாளி மனம் குளிர்ந்தால் உண்டு. போராடி, வழக்காடி, 1965-இல் அது சட்டமான பிறகுதான் யாருக்கும் தலை குனியாமல் வாங்க முடிந்தது.

வயல் பக்கத் தோழர்களுக்கு இன்னொரு வகை இனாம் தெரியும். மரம் ஏலம் எடுக்கிற காண்ட்ராக்டர் ஒருவர் நம் ஆள் ஒருவருக்கு ரம்பம் வாங்கித் தந்தார். "காசு வேண்டாம், உன் மிஷின் என்றே நினைத்துக்கொள்" என்றார். அன்றிலிருந்து அந்தத் தோழர் வேறு யாரிடமும் வேலைக்குப் போக முடியவில்லை. டன்னுக்கு இவ்வளவு என்று கேட்க வாய் திறந்தால், "மிஷின் யார் கொடுத்தது?" என்ற கேள்வி. பெட்ரோல், ஆயில், சங்கிலி எல்லாம் இவர் செலவு. இரண்டு வருஷத்தில் அவர் குறைவாக வாங்கிய கூலியை நாம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். மூன்று மிஷின் வாங்கியிருக்கலாம்.

சரி, இனாம் வாங்காமல் யந்திரத்தைச் சோதித்துச் சொல்ல முடியாதா? முடியும். செய்து காட்டியவர்கள் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்தான் என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் கன்ஸ்யூமர்ஸ் ரிசர்ச் என்று ஒரு ஸ்தாபனம். கடைச் சரக்கைச் சோதித்து ஜனங்களுக்குச் சொல்வது அதன் வேலை. நல்ல வேலைதான். ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் 1935-இல் சங்கம் வைத்தபோது, முன்னின்றவர்களை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊருக்கெல்லாம் நியாயம் சொன்ன நிர்வாகம் தன் ஊழியர்களிடம் இறங்கி வரவில்லை. வெளியே வந்தவர்கள் 1936-இல் தாங்களே ஒரு ஸ்தாபனம் தொடங்கினார்கள். அதன் பெயர் கன்ஸ்யூமர்ஸ் யூனியன். அவர்கள் வைத்த விதி இரண்டு. விளம்பரம் வாங்குவதில்லை. எந்தக் கம்பெனியிடமும் இலவசமாகப் பொருள் வாங்குவதில்லை, நம்மைப் போலவே கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவது. சோப்பு, பால், காலுறை என்று ஆரம்பித்தார்கள். ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பதோடு, அதைச் செய்கிற தொழிலாளிக்கு என்ன கூலி, அங்கே சங்கம் உண்டா என்றும் எழுதினார்கள். இதற்காக அவர்களைத் தேசத்துக்கு ஆகாதவர்கள் என்று ஒரு நாடாளுமன்றக் கமிட்டியின் பட்டியலில் சேர்த்தார்கள். 1954-இல்தான் அதிலிருந்து பெயரை நீக்கினார்கள். சோப்பைச் சோதித்தால் தேசத்துரோகம்! அந்த ஸ்தாபனம் இன்றும் இருக்கிறது. அந்த விதிகளும் இருக்கின்றன.

நம் நாட்டில் சட்டம் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2019-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: காணொளி போடுகிறவர் பணம் வாங்கியிருந்தாலும், இலவசப் பொருள், பரிசு, தள்ளுபடி எது வாங்கியிருந்தாலும், அதைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லியே தீர வேண்டும். காணொளிக்குள்ளேயே, குரலிலும் சொல்ல வேண்டும், எழுத்திலும் காட்ட வேண்டும். தான் உபயோகிக்காத பொருளைப் புகழக் கூடாது. ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. புகழ்ந்தவரை ஒரு வருஷம் வரை வேறெதையும் விளம்பரம் செய்யவிடாமல் தடுக்கவும், மறுபடி செய்தால் அதை மூன்று வருஷம் வரை நீட்டவும் முடியும். புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. மத்தூர்ச் சந்தையில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் காணொளிக்காரரை நாம் எதிரியாக நினைக்கவில்லை. யந்திரத்தின் மீது ஆசை உள்ள பிள்ளை அவர். இப்படி மிஷின் பைத்தியம் பிடித்தவர்கள் நம் ஆலைகளிலும் உண்டு. சத்தத்தைக் கேட்டே கார்புரேட்டரில் கோளாறு என்பார்கள். அவர்களிடம் எவ்வளவோ கற்றுக்கொள்ளலாம். லிட்டர் பெட்ரோலுக்கு ஐம்பதுக்கு ஒன்று என்றால் 20 மில்லி ஆயில், இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. இதை மாற்றிக் கலந்து மிஷினைக் கெடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதைக் காணொளியில் பார்த்துத்தான் பலர் கற்றார்கள். ஆனால் இருபது நிமிஷம் ஓட்டிப் பார்க்கிற ஆசை வேறு, நாள் முழுவதும் ஓட்டிப் பிழைக்கிற கை வேறு.

அந்தக் கைக்கு என்ன ஆகிறது என்பதை ஜப்பானின் அரசுக் காடுகளில் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். செயின் ரம்பத்தின் அதிர்வில் விரல்கள் வெளுத்து மரத்துப் போயின. குளிரில் பித்தான் போட முடியவில்லை. வயசு என்றார்கள், குளிர் என்றார்கள். சங்கம் விடவில்லை. 1960-களில் அது தொழிலால் வரும் நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தப் பத்தாண்டின் முடிவில், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த மிஷினைப் பிடிக்கக் கூடாது என்ற வரம்பையும் சங்கம் வாங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1985-இல்தான் அந்த நோயை நஷ்டஈட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். நம்மூரில் மிஷின் பிடிக்கிற தோழர்களே, காலையில் எழுந்ததும் விரல் நுனி மதமதவென்று இருக்கிறதா? டம்ளர் கை நழுவுகிறதா? எத்தனை கை உயர்கிறது பாருங்கள். எந்தக் காணொளியிலாவது இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா?

ஆகவே நாம் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு காலை அவரவர் மிஷினைக் கொண்டு வாருங்கள். பிட்டர் தோழர்கள் மூன்று பேர் இருப்பார்கள். பிரேக் பிடிக்கிறதா, அதிர்வைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, சங்கிலி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எந்த மிஷின், எப்போது வாங்கியது, எத்தனை மாதத்தில் என்ன கெட்டது, உதிரிப் பாகம் கிருஷ்ணகிரியில் கிடைக்கிறதா, யாருக்கு எங்கே அடிபட்டது என்று ஒரு நோட்டில் எழுதப் போகிறோம். கடைக்காரர் டீ வாங்கித் தந்தால்கூட அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டீச் செலவு நம்முடையது.

ஒரு தோழர் சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார்: "அந்தக் காணொளிக்காரர் பிறகு என்ன செய்தார்?" வெட்டுப்பட்ட கையின் படத்தை நாம் அவருக்கு அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால், காணொளிக்குக் கீழே இருக்கிற குறிப்பில், யாரும் திறந்து படிக்காத இடத்தில், "இந்த மிஷின் விற்பனையாளர் தந்தது" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அங்கே எழுதினால் போதாது, தம்பி, வாயால் சொல்ல வேண்டும், பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று மறுபடி எழுதியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வரும்படியும் கூப்பிட்டிருக்கிறோம்.