சம்பந்தியின் பேஸ்பால் கார்டுகள்



2022 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் படம் போட்ட அட்டை. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் இருந்த டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி 1952-இல் வெளியிட்டது. விற்றவர் அதை 1991-இல் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கியிருந்தார். இப்படி ஒரு செய்தி வந்தால் போதும். வீட்டில் இருக்கும் பெரியவர் சின்ன வயதில் கார்டு சேர்த்தவர் என்றால், பிள்ளைகளின் பார்வை தானாகப் பரண் பக்கம் போய்விடும்.

எங்கள் சம்பந்தி அப்படி ஒரு பெரியவர். அமெரிக்கர், ஓஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து ஊர்க்காரர், எண்பதை நெருங்குகிறார். சம்பந்தியம்மா காலமான பிறகு அந்தப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு, முதியோர் குடியிருப்பில் இரண்டே அறைக்கு மாறுவது என்று முடிவு செய்தார். மேசை, நாற்காலி, புல் வெட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. மிஞ்சியவை பழைய ஷூ பெட்டிகளில் இருந்த பேஸ்பால் கார்டுகள். நான் அப்போது மகள் வீட்டில் இருந்தேன். ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வரும் தகப்பன்மாருக்கு அங்கே எவ்வளவு வேலை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கார்டுகளைப் பட்டியல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பேஸ்பாலில் எனக்கு அப்போது தெரிந்தது, மட்டை உருண்டையாக இருக்கும் என்பது மட்டும்தான்.

நம் பையன்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்ததைப் போன்றதுதான் இதுவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிகரெட் பெட்டிக்குள் விறைப்புக்காக வைத்த அட்டையில் வீரர்களின் படத்தை அச்சடித்தார்கள். பிறகு மிட்டாயோடு வந்தது, அதன் பிறகு பபிள்கம்மோடு. சம்பந்தியின் காலத்தில் 5 சென்ட் கொடுத்தால் சில கார்டுகளும் ஒரு தகடு பபிள்கம்மும் கிடைக்கும். அந்தக் கம் பட்ட கறை இன்னும் சில கார்டுகளின் முதுகில் இருக்கிறது. பையன்கள் அதைச் சுவரோரம் வீசி விளையாடினார்கள், மாற்றிக்கொண்டார்கள், பந்தயத்தில் தோற்றார்கள். துணி காயப்போடும் கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டி, கம்பிகளில் பட்டுப் படபடவென்று அடிக்கும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டார்கள். கல்லூரிக்குப் போனதும் அம்மா தூக்கிப் போட்டுவிட்டாள் என்று அந்த வயது அமெரிக்கர் பலரும் சொல்வார்கள். தப்பிப் பிழைத்தது கொஞ்சம். விலையின் ரகசியம் இதிலேயே இருக்கிறது.

கம்பெனியே தன் சரக்கைத் தூக்கிப் போட்ட கதையும் உண்டு. 1952 கார்டுகளைச் சமையலறை மேசையில் வைத்து வடிவமைத்த சை பெர்கர் என்பவர், விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பிற்பாடு சொன்னார். அந்தப் பெட்டிகளில் மேன்டில் கார்டுகளும் இருந்தன.

சரி, வேலைக்கு வருவோம். என் மாப்பிள்ளை முதல் நாளே கார்டுகளை எல்லாம் மேசையில் கொட்டி, அணி அணியாகப் பிரித்து, ரப்பர் பேண்டு போட்டுவிடலாம் என்றார். சம்பந்தி பதறிப்போனார். ரப்பர் பேண்டு ஓரத்தை அறுத்து வெட்டு விழவைக்கும், நாளாக ஆக அட்டையில் ஒட்டிக்கொண்டும் போகும். அழுக்கைத் துடைப்பது, பென்சில் கோட்டை அழிப்பது, மடிப்பை நீவிவிடுவது, எதுவும் கூடாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். நல்லதாகத் தெரிவதைக் கெட்டியான உறைக்குள் வைக்க வேண்டும். செலவு சொற்பம்.

‘கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் என்ன’ என்று கேட்பவர்களுக்கு ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு பற்றிய கதையைச் சொல்ல வேண்டும். 1909-க்கும் 1911-க்கும் இடையில் சிகரெட்டோடு வந்த தொகுதியில் வாக்னர் படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. இன்று இருப்பதாகத் தெரிபவை ஏறக்குறைய அறுபது. 2022-இல் அதில் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. இவற்றில் பெயர்பெற்ற ஒரு கார்டை ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991-இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து வாங்கினார். மூலைகள் அவ்வளவு கூர்மை. அவ்வளவு கூர்மையாக எப்படி இருக்க முடியும் என்று பல வருஷம் பேச்சு ஓடியது. கடைசியில் 2013-இல், அதை முன்பு வைத்திருந்த வியாபாரி பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை வெட்டியது நான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மற்ற மோசடிகளும் சேர்ந்து அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பணக்காரர் கையில் இருந்ததால் அந்தக் கார்டுக்கு மவுசு குறையவில்லை. நம்மைப் போன்றவர் வீட்டுக் கார்டின் ஓரத்தை வெட்டினால் வாங்குவதற்கு ஆளே வரமாட்டான்.

தரம்தான் எல்லாம். பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கார்டைப் பரிசோதித்து, அசல்தானா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகின்றன. ஏலத்தில் சாதனை படைத்த அந்த மேன்டிலுக்கு 9.5. அதே மேன்டில், மூலை மழுங்கி, மடிந்து, கடைசித் தரத்தில் இருந்தால் சில பத்தாயிரம் டாலர். செய்தியில் வந்த விலையை வைத்துக்கொண்டு வீட்டில் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சம்பந்தியிடம் 1954 டாப்ஸ் தொகுதியில் வந்த, ஹாங்க் ஆரன் என்ற வீரரின் கார்டு இருந்தது. ஆரனின் முதல் வருஷக் கார்டு. ஆரஞ்சு நிறப் பின்னணி, பெரிதாக ஒரு முகம், பக்கத்தில் சின்னதாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நேராகப் பார்த்தால் குறையே தெரியவில்லை. மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. சம்பந்தி அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். தோளில் தொடங்கி ஓரம் வரை மயிரிழை போல ஒரு மடிப்பு ஓடியது. அந்த ஒரு கோட்டால் விலை, நல்ல நிலையில் இருக்கும் கார்டின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அடுத்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பிற்காலத்தில் பழைய கார்டைப் படம்பிடித்து மறுபடி அச்சடித்த நகல்கள் ஏராளம். நகலில் எழுத்துகூடப் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும். அசலில் கறுப்பு எழுத்து அடர்த்தியாக, முழுசாக இருக்கும். இது அசல். ஐந்தே நிமிஷத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதருக்காகத்தான் நாங்கள் ‘உதவி’ செய்துகொண்டிருந்தோம்!

பட்டியல் சுலபத்தில் நகரவில்லை. விக் வெர்ட்ஸ் என்று ஒரு கார்டு. விலை பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும். ஆனால் அதைக் கையில் எடுத்தவர் 1954-க்குப் போய்விட்டார். அந்த வருஷம் கிளீவ்லாந்து அணி 154 ஆட்டத்தில் 111 ஜெயித்தது. உலகக் கோப்பைக்குச் சமமான வேர்ல்ட் சீரிஸில் நியூயார்க் ஜயன்ட்ஸுடன் மோதல். முதல் ஆட்டத்தில் வெர்ட்ஸ் அடித்த அடி நானூறு அடிக்கு மேல் பறந்தது. எதிரணியின் வில்லி மேஸ் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, தலைக்கு மேலாக அதைப் பிடித்தார். அப்பாவின் ரேடியோப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையனுக்கு அந்த நிமிஷத்திலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. நாலு ஆட்டத்திலும் கிளீவ்லாந்து தோற்றது. ராக்கி கொலவிட்டோவின் 1957 கார்டு வந்தபோது இன்னும் மோசம். 1959-இல் 42 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்த அந்த வீரரை, அடுத்த வருஷம் சீசன் தொடங்கும் நேரத்தில் டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்துவிட்டு ஹார்வி கீனை வாங்கினார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் சம்பந்திக்கு ஆத்திரம் தீரவில்லை. கீன் கார்டைக்கூட இடது கையால்தான் எடுத்து வைத்தார்.

மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பழங்கார்டு வாங்கப்படும், உடனே ரொக்கம், வார இறுதியில் இன்ன ஹோட்டலில் வந்து பாருங்கள் என்று ஒரு விளம்பரம். பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே என்றார். நான் குறுக்கே விழுந்தேன். பட்டியல் கையில் இல்லாமல் வியாபாரி முன்னால் உட்காருவது, எடை தெரியாமல் நகையை நீட்டுவதற்குச் சமம். வியாபாரி பாதி விலை கேட்பது அநியாயமில்லை, அவருக்கும் வாடகை, முடக்கம், லாபம் இருக்கிறது. ஆனால் எதில் பாதி என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் சொல்லும் விலையைப் பார்க்கக் கூடாது, விற்று முடிந்த விலையைத் தனியாகக் காட்டும் வசதி இருக்கிறது, அதைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொரு ஆபத்து, நட்சத்திரங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை நம் தலையில் கட்டிவிட்டுப் போவது. எடுத்தால் மொத்தமாக எடு, இல்லாவிட்டால் பொறுக்குவதற்கு அதற்குரிய விலையைக் கொடு என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

அவசரப்படாமல் விற்றவர்களுக்கு ஓஹையோவிலேயே உதாரணம் உண்டு. டிஃபையன்ஸ் என்ற ஊரில் 2012-இல் ஒரு வீட்டுப் பரணில், பொம்மை வீட்டுக்கு அடியில், 1910-ஐச் சேர்ந்த சுமார் 700 கார்டுகள் புத்தம் புதிதாகக் கிடைத்தன. தாத்தா இறைச்சிக் கடை வைத்திருந்தவர். மிட்டாய்க் கம்பெனி கொடுத்தவற்றை அவர் பரணில் போட்டு மறந்திருக்கலாம். வாரிசுகள் இருபது பேர். சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சந்தையில் கொட்டினால் விலை விழும் என்று தவணை தவணையாக விற்றார்கள். முதல் ஏலத்தில் 37 கார்டு மட்டும் போனது. அதற்கே 5 லட்சத்து 66 ஆயிரம் டாலர். அதைவிட எனக்கு ஆச்சரியம், இருபது பங்காளிகளும் ஒற்றுமையாக இருந்தது.

விற்பது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர் 3 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளையும் அச்சுப் படங்களையும் சேர்த்தார். பேஸ்பால் கார்டு மட்டும் 30 ஆயிரத்துக்கு மேல். எல்லாவற்றையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூட்டுவாதத்தில் முடங்கிய விரல்களால் அவரே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். ஒட்டிய கார்டுக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பது இன்றைய கணக்கு. வாக்னர் கார்டின் தொகுதிக்கு டி206 என்று பெயர் வைத்தவரே அவர்தான், அவருக்குத் தெரியாத மதிப்பா!

சம்பந்தியிடம் இதைச் சொன்னேன். எனக்குப் பணம் வேண்டும் என்றார் நேராக. குடியிருப்புக்கு மாதம் கட்ட வேண்டிய தொகை அப்படி. அதன் பிறகு யாரும் தியாகம் பற்றிப் பேசவில்லை. உதவிக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. பணமா, பேரப்பிள்ளைக்கா, வெறுமனே இடம் காலியாக வேண்டுமா? பதில் பெரியவர் வாயிலிருந்து வர வேண்டும்.

வரி விஷயம் ஒன்று. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி வரலாம். 5 சென்ட்டுக்கு வாங்கியது என்றால் கிட்டத்தட்ட விலை முழுவதும் லாபம். அதே கார்டு வாரிசுக்குப் போனால், இறந்த நாளன்று இருந்த சந்தை மதிப்பே வாங்கிய விலையாகக் கணக்காகும். வாரிசு உடனே விற்றால் லாபவரி அநேகமாக இருக்காது. மாப்பிள்ளை இதை எங்கேயோ படித்துவிட்டு, ரொம்ப நாசூக்காக, “கொஞ்சம் காத்திருந்தால் வரி மிச்சம்” என்று ஆரம்பித்தார். சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். “எத்தனை நாள் என்று சொல், என்னால் முடிந்ததைப் பார்க்கிறேன்” என்றார். மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

கடைசியில் ஆரன் உட்பட ஒரு கைப்பிடிக் கார்டுகளைத் தரம் போட அனுப்பினோம். கட்டணம் கார்டு ஒன்றுக்குப் பத்து இருபது டாலரில் நிற்பதில்லை என்பதால் சில்லறைக் கார்டை அனுப்பினால் கைநஷ்டம். தரம் போட்டு வந்தவை ஏலக் கம்பெனிக்குப் போயின. வாங்குகிறவரிடம் கூடுதலாகப் பிடிக்கும் கமிஷன் இருபது சதவீதம் அளவில் இருக்கிறது, ஏலம் கேட்பவர் அதையும் மனத்தில் வைத்தே கேட்பார் என்பதை மறக்கக் கூடாது. மீதியை ஊர்க் கடைக்காரர் பட்டியலைப் பார்த்து மொத்தமாக எடுத்துக்கொண்டார். வெர்ட்ஸும் கொலவிட்டோவும் சம்பந்தியோடு இரண்டு அறைக்குப் போயின. வந்த பணம் செய்தியில் வரும் அளவு இல்லை. குடியிருப்புக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் காணும்.

இந்த விவகாரத்தில் அடி வாங்கியவர் மாப்பிள்ளைதான். அவரும் பையனாக இருந்தபோது கார்டு சேர்த்தவர். 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்தவை. பழைய கார்டுகளின் விலையைப் பார்த்து நாடே சேர்க்க ஆரம்பித்த காலம் அது. கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. யாரும் சைக்கிளில் மாட்டவில்லை, எந்த அம்மாவும் தூக்கிப் போடவில்லை. எல்லார் வீட்டிலும் பத்திரமாக இருக்கிறது, அதனால் எவருக்கும் வேண்டாம். பெட்டி பெட்டியாக, உறை கலையாமல் வைத்திருந்ததைக் கடைக்காரரிடம் காட்டினார். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டிகள் இப்போதும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கின்றன. இடத்தை அடைக்கிறதே, எடுத்துப் போடுங்கள் என்று மகள் சொல்கிறாள். “இன்னும் முப்பது வருஷம் போகட்டும் மாமா” என்கிறார் மாப்பிள்ளை, என்னிடம்.