ஊர்கூடி ஆக்கிய மொழி

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் நமது மேடைக்குச் சிறிது புதியது. கணினிக்கென ஒரு மொழியையும், அம்மொழி இயங்குவதற்கென ஓர் இயந்திரத்தையும், பெரும்பாலும் ஊதியம் கருதாத பலர் உலகின் பல திசைகளிலிருந்தும் கூடி ஆக்கிய வரலாறே அது. கணினியைத் தொட்டறியாத பெரியோரும் இங்கே வீற்றிருக்கின்றனர். அவர்கள் தயங்க வேண்டியதில்லை. நான் பேசப்போவது இயந்திரத்தைப் பற்றியதிலும் பார்க்க மனிதரைப் பற்றியதே அதிகம். கூலியில்லாத வேலை குறையிலேதான் நிற்கும் என்று நம்மவருட் பலர் சொல்லக் கேட்கின்றோம். அது உண்மைதானா? இதுவே என் கேள்வி.

முதலிற் சொற்களின் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணினிக்குத் தெரிந்தவை எண் வடிவான சில கட்டளைகள் மாத்திரமே. இதனைக் கூட்டு, அதனை அங்கே வை, இன்ன இடத்துக்குச் செல் என்பன போன்ற சிறு கட்டளைகள் அவை. மனிதர் தமக்கு விளங்கும் வகையில் எழுதுவதற்காக ஏற்பட்டவையே நிரல்மொழிகள். ஒரு நிரல்மொழியிலே எழுதியதைக் கணினியின் கட்டளையாக மாற்றுதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். ஆனால் கணினிகள் யாவும் ஒரே இனத்தவை அல்ல. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்கு விளங்காது. மொழிகள் ஐந்தும் கணினி வகைகள் நான்கும் இருக்குமாயின் இருபது மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவர். இதற்கு அறிஞர் ஓர் உபாயங் கண்டனர். உண்மையில் இல்லாத ஓர் இயந்திரத்தை நடுவிலே கற்பித்து, ஐந்து மொழிகளையும் அதன் கட்டளைக்கு மாற்றி, அந்த ஓர் இயந்திரத்தை நான்கு வகைக் கணினிகளிலும் இயங்கச் செய்தால் ஒன்பது பேரே போதும். இரும்பினால் அன்றி எழுத்தினாலேயே ஆகிய இவ்வியந்திரத்தை மெய்நிகர் இயந்திரம் என்று வழங்குவர்.

இனித் திறந்த மூலம் என்பது யாது? நிரலை எழுதியவர் தம் எழுத்தை மறைத்து வையாது, எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை கொடுப்பதே அது. ஊரார் மண்வெட்டியோடு கூடி வீதி வெட்டுவதைச் சிரமதானம் என்கிறோம். இதனை அறிவினால் செய்யும் சிரமதானம் எனலாம்.

இப்போது கதைக்கு வருவோம். மொழியியல் கற்றவரான அமெரிக்கர் லறி வோல் என்பார் 1987 ஆம் ஆண்டு டிசெம்பரிலே பேர்ள் என்னும் நிரல்மொழியை வெளியிட்டார். 1994 இல் அதன் ஐந்தாம் பதிப்பு வந்தது. இணையத்தின் தொடக்க நாட்களில் இணையப் பக்கங்களை இயக்குதற்கு எங்கும் கையாளப்பட்ட மொழி இதுவே. ஆயினும் சில ஆண்டுகளில் அதன் உட்கட்டமைப்புச் சிக்கலாகிப் புதியவர் கைவைக்க அஞ்சும் நிலையை அடைந்தது. ஆர்வலரும் சோர்வுற்றனர். 2000 ஆம் ஆண்டு யூலை மாதம் கலிபோர்னியாவின் மொன்றரே நகரில் அவர்களின் மாநாடு நடந்தது. அங்கே அன்பர்கள் சிலர் கூடிச் சின்னஞ்சிறு விஷயங்களை ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், ஜோன் ஓர்வன்ட் என்பவர் எழுந்து, கோப்பிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் எறியலானார். நமது சமூகத்துக்கு எழுச்சியூட்டும் பெருஞ்செயல் ஒன்றைச் செய்யாவிடின் நாம் அழிந்தோம் என்பதே அவர் சொல்ல வந்த கருத்து. கோபம் பொல்லாததுதான். ஆனால் அந்தக் கோபத்தைத் தட்டிக் கழியாது கேட்டவர்களை நாம் பாராட்டல் வேண்டும். மறுநாளே ஆறாவது பேர்ளை ஆக்கப்போவதாக அறிவித்தார்கள்.

ஐந்தாவது பதிப்பைத் தாமே திருப்பி எழுதியதாகவும், ஆறாவதைச் சமூகமே எழுத வேண்டுமென்றும், அவ்வாறு எழுதும்போது சமூகம் தன்னையும் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டுமென்றும் லறி வோல் கூறினார். எத்துணை ஆழமான கருத்து! விரும்பியவர் எல்லாரும் யோசனை எழுதி அனுப்பலாம் என்று அழைப்பு விடப்பட்டது. வந்து குவிந்தவை 361. ஒன்று வேண்டும் என்பதை மற்றொன்று வேண்டாம் என்றது. பலர் பேசினால் மொழி பிறந்துவிடாது. அவற்றை எல்லாம் படித்து, ஒன்றோடொன்று பொருந்தச் செய்யும் பொறுப்பு மீண்டும் லறி வோல் தலையிலேயே விழுந்தது. 2001 முதல் அவர் தொடர்கட்டுரைகளாகத் தம் முடிவுகளை வெளியிட்டார். அவுஸ்திரேலியரான டேமியன் கொன்வே அவற்றுக்கு விளக்கவுரை எழுதினார். மூலமும் உரையுமாகப் பயிலும் நமக்கு இந்த முறை அந்நியமானதன்று.

மொழிக்கு ஓர் இயந்திரம் வேண்டுமே. அது பிறந்த கதை வேடிக்கையானது. 2001 ஏப்ரல் முதலாந் திகதி, முட்டாள்கள் தினத்தன்று, பேர்ளும் அதன் போட்டி மொழியான பைதனும் இணைந்து பரொட், அதாவது கிளி, என்னும் ஒரே மொழியாகப் போகின்றன என்று சைமன் கசன்ஸ் ஒரு பொய்ச்செய்தியைப் பரப்பினார். உலகஞ் சிரித்தது. ஆனால் அந்த வேடிக்கைப் பெயரே புதிய மெய்நிகர் இயந்திரத்துக்கு நிலைத்துவிட்டது. டான் சுகால்ஸ்கி அதன் முதற் சிற்பி. எல்லா மொழிகளையும் பேசும் கிளியாக அது இருக்கவேண்டும் என்பது அவர்களின் ஆசை. 2003 இல் சுகால்ஸ்கி, பைதன் நிரல்களை அதன் சொந்த இயந்திரத்திலும் விரைவாகப் பரொட் ஓட்டிக் காட்டும் என்று பைதனை ஆக்கிய கீடோ வான் ரொசத்துடன் பந்தயம் கட்டினார். தோற்றவர் முகத்திலே கிறீம் பணியாரம் அப்புவது நிபந்தனை. அடுத்த ஆண்டு சுகால்ஸ்கியே தோற்றார்.

ஆண்டுகள் கழிந்தன. மொழி எப்போது வரும் என்று கேட்டவர்க்கு, நத்தாருக்கு வரும் என்று விடை சொல்வார்கள். எந்த ஆண்டு நத்தார் என்பதை மாத்திரம் சொல்வதில்லை! ஊரும் நகைத்தது. இந்த இருள் நேரத்தில், 2005 பெப்ரவரியில், தாய்வானைச் சேர்ந்த ஓட்ரி டாங் என்பவர் ஹஸ்கெல் என்னும் வேறொரு மொழியைக் கொண்டு, பக்ஸ் என்ற பெயரிலே ஆறாவது பேர்ளுக்கு ஓர் இயக்கியை எழுதத் தொடங்கினார். அவர் கைக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. வந்து கேட்டவர்க்கெல்லாம், தகுதி ஆராயாது, மூல நிரலைத் திருத்தும் உரிமையை வழங்கினார். வேலை இன்பமாக இருக்கவேண்டும் என்பதே அவரின் கொள்கை. நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு சோதனையாவது எழுதலாம். இன்ன வாக்கியத்தைக் கொடுத்தால் இன்ன விடை வரவேண்டும் என்று எழுதி வைப்பதே சோதனை. இவ்வாறு பல்லாயிரஞ் சோதனைகள் சேர்ந்தன. இதே ஓட்ரி டாங் 2016 இல் தாய்வான் அரசில் அமைச்சரானார் என்பதையும் இவ்விடத்திலே சொல்லி வைக்கிறேன்.

அன்பர்களே, சில ஆண்டுகளில் பக்ஸ் நின்றுவிட்டது. இன்று அதனை எவரும் பயன்படுத்துவதில்லை. அப்படியாயின் அத்தனை பேரின் உழைப்பும் வீண்தானா? இல்லை. அவர்கள் எழுதிய சோதனைகள் அழியவில்லை. அவையே வளர்ந்து மொழியின் இலக்கணமாயின. இந்தச் சோதனைகளில் தேறும் எந்த இயக்கியும் அம்மொழியே என்பது பின்னர் விதியாயிற்று. கட்டிய வீடு இடிந்தது. வீடு எப்படி இருக்கவேண்டும் என்று ஊர் செய்துகொண்ட உடன்பாடு நின்றது.

இதனையொத்த முடிவே பரொட்டுக்கும் வந்தது. பற்றிக் மிஷோ முதலானோர் பரொட்டின்மேல் ரக்குடோ என்னும் இயக்கியை வளர்த்தனர். 2009 மார்ச்சிலே பரொட்டின் முதலாவது நிறைபதிப்பும் வெளிவந்தது. ஆனால் வருமென்று எதிர்பார்த்த மற்றை மொழிகள் அதன் வாயிலுக்கு வந்து குடியேறவில்லை. வராத விருந்தாளிகளுக்காக அறைகளை அமைத்துக்கொண்டிருந்தமையால், வந்திருந்த ஒரே விருந்தாளியின் தேவைகள் பின்தள்ளப்பட்டன. 2013 மே மாதம், ஜொனதன் வேர்திங்டனும் தோழர்களும் இந்த ஒரு மொழியின் தேவையையே மனத்திற் கொண்டு ஆக்கிய மற்றோர் இயந்திரத்தை வெளியிட்டனர். அதன் பெயர் மோர்! வெயிலுக்கு நாம் அருந்தும் மோரை நினைத்துவிடாதீர்கள். சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. ரக்குடோவின் பெரும்பகுதியை அம்மொழியிலும் அதன் சிறுவடிவமொன்றிலும் எழுதியிருந்தமையால், அடியிலிருந்த இயந்திரத்தை மாற்றியும் மேலிருந்ததைக் காப்பாற்ற முடிந்தது. 2015 இல் ரக்குடோ பரொட்டைக் கைவிட்டது. அவ்வாண்டு டிசெம்பர் 25 ஆந் திகதி, உண்மையாகவே ஒரு நத்தார் நாளில், பதினைந்து ஆண்டுகாலக் காத்திருப்பின் பின் மொழி நிறைவடைந்து வெளிவந்தது.

இந்தக் கூட்டுழைப்பால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். ஓர் உதாரணஞ் சொல்லுகிறேன். தமிழ் என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? பாலர் வகுப்புப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். ஆனால் கணினிக்குள் மகரத்தையும் இகரக் குறியையும் தனித்தனியாகவும், ழகரத்தையும் புள்ளியையும் தனித்தனியாகவும் வைத்திருக்கின்றனர். ஆகவே பைதன் உட்படப் பல மொழிகள் இச்சொல்லை எண்ணி ஐந்து என்கின்றன. நான் பேசிய இம்மொழியோ மூன்று என்று விடை தருகின்றது. மனிதர் ஓரெழுத்தாகக் கொள்வதைத் தானும் ஓரெழுத்தாகவே கொள்ளவேண்டும் என்பது மோர் இயந்திரத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தனி எண் இல்லாத கூட்டெழுத்தைக் கண்டால், அதற்கென ஒரு புதிய எண்ணைத் தானே வழங்கிக்கொள்ளும். நமது எழுத்து அவ்வியந்திரத்தில் உரிய இடத்தைப் பெற்றுள்ளது. ஒரு மொழியாரின் வசதியை மாத்திரம் பாராது, உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக விதி செய்ததன் பயன் இது.

ஆயினும் புகழ்ச்சி மட்டும் பேசி அமர்வது நேர்மையாகாது. இம்முயற்சிக்குக் கொடுத்த விலையும் பெரிது. ஆறாவது வரப்போகிறது என்றதும் ஐந்தாவது பழையது என்ற எண்ணம் உலகிற் பரவியது. 2002 இல் வந்த 5.8 பதிப்புக்கு அடுத்த 5.10 பதிப்பு 2007 இலேதான் வந்தது. இந்த இடைக்காலத்தில் இளைஞர் பலர் பைதன் முதலிய மொழிகளின் பக்கஞ் சென்றுவிட்டனர். ஐந்தாவதைப் பேணிய உழைப்பாளிகளோ, உயிரோடிருக்கும்போதே தம்மை முன்னோராக எண்ணிவிட்டார்களே என்று மனம் நொந்தனர். உண்மையில் அவை ஒரே மொழியின் இரு பதிப்புகளல்ல, இரு வேறு மொழிகள். பெயர் ஒன்றாயிருந்தமையே பிணக்குக்குக் காரணம்.

2019 ஒக்டோபரில் ஆறாவது பேர்ள் தன் பெயரைத் துறந்து, ரக்குடோ என்பதிலிருந்து ராக்கு என்னும் புதுப்பெயரைச் சூடிக்கொண்டது. பேர்ள் என்ற பெயரைத் தந்த லறி வோலே இதற்கு இசைந்தார். இசையும்போது, புதிய திராட்சரசத்தையும் பழைய தோற்பைகளையும் பற்றிய வேதாகம உவமையை அவர் எடுத்துக்காட்டினார். மிஷன் பாடசாலையிற் பயின்ற எனக்கு அந்த உவமை நெடுநாட் பழக்கம். புதியதைப் பழைய பையில் ஊற்றினால் பையும் கிழியும், ரசமும் சிந்தும். புதுப்பையில் ஊற்றினால் இரண்டும் பிழைக்கும் என்பது அதன் கருத்து. அவ்வாறே பேர்ளும் பிழைத்தது. ஆண்டுதோறும் அதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது. ராக்கும் தன் வழியே செல்கின்றது. 2020 இல் ஏழு பேர் கொண்ட ஒரு வழிநடத்துஞ் சபையை அதன் அன்பர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்தனர்.

தொடக்கத்திலே கேட்ட கேள்விக்கு மீள்வோம். கூலியில்லாத வேலை குறையிலே நிற்குமா? நிற்கலாம். பக்ஸ் நின்றது, பரொட் நின்றது. ஆனால் அவற்றைச் செய்தவர்கள் மற்றவர் எடுத்துச் செல்லக்கூடிய வகையில் தம் வேலையைத் திறந்து வைத்திருந்தனர். அதனாலே ஒருவர் களைத்த இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்க முடிந்தது. நாம் செய்யும் பொதுவேலைகள் பல நின்றுபோவதற்குக் காரணம் கூலியின்மை அன்று என்பது என் துணிபு. கணக்குப் புத்தகம் ஒருவர் வீட்டில், சாவி ஒருவர் மடியில், திட்டம் ஒருவர் தலையில் என்று பூட்டி வைக்கின்றோம். அவர் ஊரைவிட்டுப் போனால் வேலையும் போகின்றது. இன்னொரு குறையும் உண்டு. நாம் தொடக்கிய ஒன்று பயன்படாது போனபின்பும், நாம் தொடக்கியது என்பதற்காகவே அதனைக் கட்டிப்பிடித்து நிற்கின்றோம். பதினான்கு ஆண்டுகள் உழைத்த இயந்திரத்தை ஒரு நன்மைக்காக இறக்கி வைப்பது எளிதன்று. பெயரைத் துறப்பது அதனினும் அரிது. அவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

ஆகவே இளைஞர்களே, வாயிலைத் திறந்து வையுங்கள். வருபவனுக்கு முதல் நாளிலேயே ஒரு சிறு வேலையையும், அதைச் செய்யும் உரிமையையும் கொடுங்கள். செய்யவேண்டியது இன்னதென்று எல்லாருங் காண எழுதி வையுங்கள். கணினி படிக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை: ராக்கின் மூல நிரலும், மோர் இயந்திரத்தின் மூல நிரலும் இன்றும் எவருக்குந் திறந்தே இருக்கின்றன. நமது எழுத்தை அவை சரியாக எண்ணுகின்றனவா என்று சோதிக்கும் ஒரு வரியையாவது நம்மிலொருவர் எழுதிச் சேர்க்கலாம். அதற்குப் பணமும் வேண்டியதில்லை, கடவுச்சீட்டும் வேண்டியதில்லை.